‘நம்மட ஆக்கள்’ யார்? மட்டக்களப்பு, அம்பாறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடமாற்றம் கிடைத்து வரும் ஆசிரியர், வங்கிக்கு வரும் அலுவலர், கலியாணம் முடித்து வரும் மருமகன், ஆய்வுக்கென்று வரும் பல்கலைக்கழகப் பிள்ளை, இவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும். ஆனாலும் முதல் சில மாதம் ஊர்ப் பேச்சில் பாதி பிடிபடாது. “அது பணிக்கனார் குடித் திருவிழா”, “அவர் நம்மட வட்டை ஆள்”, “அவங்க ஒரு செட்”, “சங்கத்தில சொல்லிப் பாருங்க” என்று யாராவது சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலியைக் காட்டுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பது ஊராருக்குச் சொல்லாமலே விளங்கும். புதியவருக்கு விளங்காது. அந்த வேலிகளை அடையாளம் காண்பதற்கும், எந்தச் சொல்லை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிவதற்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வையுங்கள். இங்கே பல கூட்டங்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒன்று உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கு வைத்தது. மற்றது வெளியே நிற்பவர்கள் அவர்களுக்கு வைத்தது. முதற்பெயரைக் கேட்டுப் பழகி அதையே பாவியுங்கள். இரண்டாவது பெயர் உங்கள் காதில் விழும், ஆனால் உங்கள் வாயில் வரவேண்டியதில்லை.

வந்த புதிதில்: கேளுங்கள், கேட்காதீர்கள்

ஊருக்கு வந்ததும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “எவடம்?” (எந்த ஊர்) என்பதாக இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைப்பீர்கள். அடுத்து “தாய் எவடம்?” என்று வரும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவருக்கு இது புதிதாக இருக்கலாம். தகப்பனின் ஊரைக் கேட்காமல் தாயின் ஊரைக் கேட்பதற்குக் காரணம் குடி முறை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு நேராகப் பதில் சொல்லிவிடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. கேட்பவர் உங்களை எங்கே வைப்பது, மச்சான் என்பதா அண்ணன் என்பதா என்று பார்க்கிறார்.

உள்ளூர்ப் பிள்ளைகளிடம் இதே கேள்வி “ஆர்ர பிள்ளை?” என்று வரும். பதிலைக் கேட்டவுடன் பெரியவர் தலையை ஆட்டி “அப்ப நம்மட ஆக்கள்தான்” என்பார். இந்த ‘ஆக்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சொந்தக்காரர், ஊரார், ஒரே கோயிலார், ஒரே கட்சிக்காரர், ஒரே மதத்தார் எல்லாவற்றுக்கும் அதுவே வரும். எந்த அர்த்தத்தில் வருகிறது என்பது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்களைப் பார்த்து “நம்மட ஆக்கள்” என்று ஒருவர் சொன்னால் உங்களையும் சேர்த்துக்கொண்டார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நீங்களாக முந்திக்கொண்டு “நம்மட ஆக்கள்” என்று சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அது அவர்கள் தரவேண்டிய இடம்.

இன்னொன்று “ஒண்டுக்க ஒண்டு” என்ற பேச்சு. “அந்தத் தெரு முழுக்க ஒண்டுக்க ஒண்டுதான்” என்றால் கொண்டும் கொடுத்தும் ஒரே சொந்தமாகிப் போனவர்கள் என்று பொருள். இதைக் கேட்டால் ஒரு முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் குறை சொன்னால், மாலைக்குள் அது உரியவரின் காதுக்குப் போய்விடும்.

குடி: இதை மட்டும் நன்றாகப் படியுங்கள்

தமிழகத்தில் குடி என்றால் குடும்பம், குடிமக்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்ற ஊர்ப் பெயர்களில் வரும் குடி குடியிருப்பைக் குறிக்கும். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒருவர் “என்ட குடி” என்றால் அவர் தாய்வழிக் கூட்டத்தைச் சொல்கிறார். பிள்ளை தாயின் குடி. தாய் அவளுடைய தாயின் குடி. தகப்பனின் குடி வேறாக இருக்கும், இருக்கவேண்டும், ஏனென்றால் ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. ஒரே குடிக்காரர் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. ஒரு குடிக்குள்ளே இன்னும் நெருங்கிய கிளையை ‘வயிற்றுவார்’ என்பார்கள். ஒரே பாட்டியின் வயிற்றிலிருந்து வந்தவர்கள் என்று அந்தச் சொல்லே காட்டுகிறது.

இது தமிழருக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை போன்ற ஊர்களில் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. தமிழர் பக்கம் மழுவராசன் குடி, பணிக்கனார் குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி, காலிங்கா குடி என்றும், முஸ்லிம்கள் பக்கம் ராசாம்பிள்ளை குடி, வரிசைநாச்சி குடி, லெவ்வை குடி, ஓடாவி குடி என்றும் பெயர்கள் கேட்பீர்கள். இரண்டு சமூகமும் ஒரே முறையை இத்தனை காலம் வைத்திருப்பது எனக்குப் பெருமையான விஷயம். சண்டை நடந்த காலத்திலும் அது அறுந்து போகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. குடி என்பது சாதி அல்ல. ஒரே சாதிக்குள் பல குடிகள் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சாதி, வேறு வேறு குடி என்பதுதான் வழக்கமான பொருத்தம். ஆனால் குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு பற்றிய பழைய கதைகள் உண்டு, சில குடிப் பெயர்கள் சாதிப் பேச்சையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் “நீங்கள் என்ன குடி?” என்று புதியவர் நேரே கேட்பது இங்கே கூச்சத்தை உண்டாக்கும். கலியாணப் பேச்சில் பெரியவர்கள் கேட்பார்கள், கோயில் காரியத்தில் கேட்பார்கள். நீங்கள் கேட்கவேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியது தானாகத் தெரியவரும். உங்களிடம் கேட்டால், “எங்கட பக்கம் குடி பார்க்கிறதில்லை, அம்மாட ஊர் இது” என்று சொன்னால் சரி. யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள்.

கலியாணம் முடித்து வரும் ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். முன்னர் முக்குவர் சட்டம் என்று தனியே ஒரு சொத்துச் சட்டம் இருந்தது, 1876இல் வந்த கட்டளைச் சட்டத்தோடு அதன் காலம் முடிந்தது. வீட்டை மகளுக்கு எழுதும் வழக்கம் மட்டும் முடியவில்லை. ஆகவே மனைவியின் அக்கா தங்கைகள், அவர்களின் கணவன்மார், மாமி எல்லாரும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். உங்கள் சகலன்மாரும் உங்களைப்போல வெளியிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களோடு நெருங்கிப் பழகுங்கள். அந்த வளவின் நடைமுறைகளை அவர்கள் ஏற்கனவே படித்து முடித்திருப்பார்கள்.

கோயிலிலும் பள்ளிவாசலிலும்

குடி கண்ணுக்குத் தெரியும் இடம் கோயில். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில், களுதாவளை போன்ற கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். “இண்டைக்கு யார்ட திருவிழா?” என்று கேட்டால் சாமியின் பெயரைச் சொல்லமாட்டார்கள், செய்பவர்களின் பெயரைச் சொல்வார்கள். கோயிலின் பொறுப்பாளர் வண்ணக்கர். கணக்குப் பார்ப்பவர் கணக்கப்பிள்ளை.

பூசை முடிந்ததும் காளாஞ்சி கொடுப்பதைப் பாருங்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், திருநீறு இருக்கும். பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்து இரண்டு கையாலும் வாங்குவார். அடுத்த பெயர். அதற்கு அடுத்த பெயர். இந்த வரிசையை ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும், குழந்தைகூட. ஒரு பெயர் முன்பின் மாறினால் அடுத்த நாள் கூட்டம் கூடும், சில இடங்களில் வழக்கே நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் படம் எடுக்கவென்று முன்னே போய் நிற்காதீர்கள். நீங்கள் அரச அலுவலர் என்பதால் உங்களையும் கூப்பிட்டுக் காளாஞ்சி தரலாம். தந்தால் வாங்குங்கள். அது உங்கள் பதவிக்குத் தரும் மரியாதை, குடிகளின் வரிசையில் உங்களுக்கு இடம் கொடுத்ததாக ஆகாது.

முஸ்லிம் ஊர்களில் குடியின் சார்பில் பள்ளிக் காரியம் பார்ப்பவரை மரைக்காயர் என்பது பழைய வழக்கம். இன்று எழுத்தில் ‘நம்பிக்கையாளர் சபை’ என்று வரும், பேச்சில் ‘பள்ளி நிருவாகம்’. கடிதம் எழுதும்போது நம்பிக்கையாளர் சபை என்றே எழுதுங்கள்.

‘ஜமாஅத்’ என்ற சொல் மூன்று இடத்தில் வரும். கூட்டாகத் தொழுவது ஒன்று. ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்கள் மொத்தமும் இன்னொன்று. ஒரு மார்க்க அமைப்பின் பெயர் மூன்றாவது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, அதைச் செய்தவர்களின் அமைப்புப் பெயரிலும் இந்தச் சொல் இருந்ததால், மூன்றாவது அர்த்தம் எல்லார் தலையிலும் ஏறிவிட்டது. தொழுகைக்குப் போகிறேன் என்ற அர்த்தத்தில் “ஜமாஅத்துக்குப் போறேன்” என்று சொல்லும் அப்பாவி மனிதரைச் சந்தேகமாகப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன், மனம் நொந்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். சொல் எந்த அர்த்தத்தில் வந்தது என்று தெரியாவிட்டால் “எந்தப் பள்ளி, காக்கா?” (காக்கா என்றால் இங்கே அண்ணன்) என்று சாதாரணமாகக் கேட்டால் விளங்கிவிடும்.

சேரக்கூடிய கூட்டங்கள்

குடிக்குள் நீங்கள் சேரமுடியாது. சங்கத்தில் சேரலாம். வீடு எடுத்துக் குடியிருக்கத் தொடங்கியதும் முதலில் சேரவேண்டியது மரணாதாரச் சங்கம். முஸ்லிம் ஊர்களில் இதே வேலையை ஜனாஸா நலன்புரி அமைப்புகள் பார்க்கும். மாதச் சந்தா சிறிய தொகைதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொட்டகை, கதிரை, உடனடிச் செலவுக்குப் பணம், ஆள் உதவி எல்லாம் சங்கத்திலிருந்து வரும். சந்தாவைவிட முக்கியமானது நீங்கள் போய் நிற்பது. உங்களை அறியாதவர் வீட்டுச் சாவுக்கும் ஒரு தடவை போய்க் கதிரை அடுக்குங்கள். அதற்குப் பிறகு ஊரில் உங்களை ‘அந்தப் புது சேர்’ என்று சொல்வது குறைந்து, பெயர் சொல்லத் தொடங்குவார்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாம் திறந்த கதவுகள்தான். பதவி எதையும் முதல் வருடம் ஏற்காதீர்கள். வெளியாள் நடுநிலையாக இருப்பார் என்று உங்களைத் தலைவராக்கப் பார்ப்பார்கள். பல வேளை அது இரண்டு பக்கத்துக்கு நடுவில் உங்களை நிறுத்துவதாக முடியும்.

சீட்டு வேறு வகை. பத்துப் பேர் மாதம் 5,000 ரூபாய் போட்டால் மாதா மாதம் ஒருவருக்கு 50,000 ரூபாய் போகும். சிலது குலுக்கல், சிலது கழித்துக் கூறுவது, அதாவது அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குப் போவது. எழுத்து ஒன்றும் இராது, ஒரு கொப்பியும் சீட்டுப் பிடிக்கும் பெண்ணின் வாக்கும்தான். அதனால் சீட்டுக்காரர்கள் மிக இறுக்கமான கூட்டம். ஒருவர் சொல்லித்தான் இன்னொருவரை எடுப்பார்கள், சொன்னவர்தான் பிணை. உங்களைச் சேர்த்தால் உங்களை நம்பியவரின் பெயரும் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனையாம் சீட்டை எடுத்தார், ஏன் அவசரமாக எடுத்தார் என்ற கதையை வெளியே கொண்டுபோகாதீர்கள். இங்கே அது வீட்டுக் கதையைத் தெருவில் விடுவதற்குச் சமம்.

வயல் பக்கம் வேலை உள்ளவர்களுக்கு: வயற்பரப்பு வட்டை. அதன் நீர், வேலி, கால்நடைக் காவல் போன்றவற்றைப் பார்க்க விவசாயிகள் தெரிவுசெய்பவர் வட்டவிதானை. ஒரு வட்டைக்காரர்களுக்குள் உள்ள கட்டுப்பாடு எழுதப்பட்ட சட்டத்தைவிட உறுதியானது. கமநல சேவை நிலையத்துக் கூட்டத்துக்குப் போகுமுன் வட்டவிதானையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போடியார் என்பது முன்னர் பெரிய நிலக்காரரைக் குறித்தது, இன்றும் மரியாதைச் சொல். நெருக்கம் இல்லாமல் கேலியாக எடுக்காதீர்கள்.

செட், பட்ச், கோஷ்டி, கும்பல்

நண்பர்கள் கூட்டம் ‘செட்’. “எங்கட செட்” என்பது அன்பான சொல். அதே சொல்லை வெளியாள் “அந்தச் செட்” என்றால் கொஞ்சம் முகம் சுளிப்பது தெரியும். ‘பட்ச்’ என்பது ஒன்றாகப் படித்தவர்கள். பழைய கல்லூரிகள் உள்ள ஊர் இது, மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கமே 1814. ஐம்பது வயதிலும் பட்ச்காரன் பட்ச்காரன்தான். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கவும், அவசரத்துக்கு இரத்தம் கொடுக்கவும் பட்ச் ஓடிவரும்.

‘கூட்டாளி’ என்றால் இங்கே சிநேகிதன். தமிழகப் பத்திரிகைகளில் திருடனின் கூட்டாளி என்று படித்துப் பழகியவர்கள் “இவர் என்ட கூட்டாளி” என்று கேட்டுத் திடுக்கிடவேண்டாம்.

‘கோஷ்டி’ பஜனைக்கு வந்தால் நல்லது, செய்தியில் வந்தால் கைகலப்பு. ‘அணி’ விளையாட்டுக்கும் கட்சிப் பிளவுக்கும். ‘கும்பல்’ எப்போதும் பழிச்சொல், ஒரு இளைஞர் கூட்டத்தைப் பற்றிப் பொலிஸில் அல்லது பாடசாலையில் எழுதும்போது அந்தச் சொல்லைப் போட்டால் அவர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள் என்றே அர்த்தம். ‘மாபியா’ இப்போது எல்லாவற்றுக்கும் வருகிறது. மணல் மாபியா, அரிசி மாபியா. ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு மணல் ஏற்றுபவர்கள் யாரென்று தெரியும், பெயர் சொல்லமாட்டார்கள். அவர்கள் வாயைத் திறக்கவைக்க முயலாதீர்கள். நீங்கள் மாற்றம் வாங்கிப் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

கவனமாகத் தொடவேண்டிய சொற்கள்

தமிழகத்தில் ‘இயக்கம்’ என்பது சாதாரணச் சொல். வாசிப்பு இயக்கம், பசுமை இயக்கம். இங்கே ‘இயக்கம்’ என்றால் ஆயுதம் ஏந்திய அமைப்புகளின் நினைவுதான் முதலில் வரும். “அவர் இயக்கத்தில இருந்தவர்” என்ற வரிக்குள் ஒரு வீட்டின் முழுத் துயரமும் இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பதாகையில் அந்தச் சொல்லைப் போட்டுத் தாய்மாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். ‘திட்டம்’, ‘செயற்பாடு’ என்று போட்டாலே போதும்.

‘குழு’வும் அப்படித்தான். அலுவலகத்தில் குழு, மைதானத்தில் குழு, பிழையில்லை. ஆனால் ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்து ‘இன்னாரின் குழு’ என்று சொன்னால், 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகள் அமைப்பு பிளந்த பிறகு வந்த ஆண்டுகள் நினைவுக்கு வரும். நகைச்சுவையாகக்கூட அப்படிச் சொல்லவேண்டாம். ‘தலையாட்டி’ என்பதும் அதே மாதிரி. முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் நிறுத்தப்பட்டவர்களைத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர்களைக் குறித்த சொல். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுபவரைச் சொல்லவென்று நீங்கள் எடுத்தால், அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் அண்ணன் அப்படி ஒரு வரிசையில் நின்றவராக இருக்கலாம்.

அதிகம் கேள்வி கேட்பவரை “சிஐடி” என்று விளையாட்டாகச் சொல்வார்கள். உங்களை அப்படிச் சொன்னால் சிரித்துவிட்டு, கேள்வியை நிறுத்துங்கள்.

மறைத்து வைப்பதற்கும் மரியாதை உண்டு

கண்ணகை அம்மன், காளி, மாரி கோயில்களில் வைகாசியை ஒட்டி நடக்கும் சடங்கைச் செய்பவர் கட்டாடியார். யாழ்ப்பாணத்தில் இதே சொல் வேறொரு தொழிலாரைக் குறிக்கும், அதனால் அங்கிருந்து வருபவர்கள் கொஞ்சம் கவனம். கட்டாடியார் கைக்கொள்ளும் முறை ‘பத்ததி’ என்ற ஏட்டில் இருக்கும். குருவிடமிருந்து சீடனுக்குப் போவது. அதைக் கேட்காதீர்கள், படம் பிடிக்கவும் முயலாதீர்கள். மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குள்தான் பூசை செய்வார். திரைக்குப் பின்னால் என்ன என்று அங்கு யாரும் ஆராய்வதில்லை. மட்டக்களப்பில் வந்தவரை மந்திரத்தால் மயக்கிப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய பேச்சையும் இங்கே வந்து சொல்லிக்காட்டாதீர்கள். எல்லாரும் கேட்டுச் சலித்தது.

கொம்புமுறி விளையாட்டு பற்றிப் பெரியவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். கொம்புகளைக் கொளுவி இழுப்பார்கள், ஒன்று முறியும்வரை. இப்போது அரிதாகத்தான் நடக்கிறது. ஆனால் “நான் தென்சேரி” என்று சொல்லும்போது எழுபது வயதுக்காரரின் குரல் உயர்வதை நீங்களே கேட்பீர்கள்.

வெளியாள் வைத்த பெயர் எவ்வளவு நோகும் என்பதற்கு வாகரைப் பக்கம் போய்ப் பாருங்கள். கரையோர வேடர் என்று நூல்கள் எழுதும் மக்களில் பலர் தங்களை வேட வெள்ளாளர் என்கிறார்கள். அளிக்கம்பையில் வாழும், தெலுங்கு பேசும் வழிவந்த மக்களை வெளியார் குறவர் என்கிறார்கள். நீங்கள் ‘அளிக்கம்பை ஆக்கள்’ என்று ஊரால் சொல்லுங்கள். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு வந்த குடியேற்றங்களில் எண்ணால் அறியப்பட்ட கொலனிகள் உண்டு. அங்குள்ளவர்களைக் ‘கொலனியாக்கள்’ என்று இழுத்துச் சொல்வது ஒரு கெட்ட பழக்கம். வாவிக்கு மேற்கே உள்ளவர்களைப் ‘படுவான்கரையார்’ என்று எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே) சொல்லும் தொனியும் சில வேளை அப்படி. படுவான்கரையார் தாங்களே அதைச் சொல்லும்போது அது நெல்லும் பாலும் விளையும் மண்ணின் பெருமை.

போகும்போது

மாற்றம் வருவது தெரிந்தால் புதிய சீட்டில் சேராதீர்கள். இருக்கும் சீட்டில் முன்கூட்டி எடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சத் தவணைகளை மொத்தமாகக் கட்டிவிட்டு, உங்களைச் சேர்த்தவரிடம் நேரில் சொல்லிக்கொண்டு போங்கள். மரணாதாரச் சங்கச் செயலாளரிடம் பெயரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வையுங்கள். பலர் எடுக்க விடமாட்டார்கள், “சந்தாவை அனுப்புங்க, பெயர் கிடக்கட்டும்” என்பார்கள். அனுப்ப முடியுமென்றால் பெயரை விட்டுவிட்டே போங்கள்.